குறிப்பேடும் மனப்பதிவும்

பரீட்சை அண்மிக்கும் காலத்தில் உயிரியல் பயிலும் மாணாக்கரின் மேசையிற் குறிப்பேடுகள் குவிந்து கிடத்தல் வழக்கம். ஆசிரியர் சொல்ல எழுதியவை, மூத்த மாணவரிடம் இரவல் பெற்றுப் பிரதி செய்தவை, அச்சில் வந்த சுருக்கங்கள் என அவை பலவகைப்படும். சிவப்பு மையாற் கோடிட்ட பக்கங்களை மாணவன் ஒருமுறை, இருமுறை, பத்துமுறை வாசிக்கின்றான். ஒவ்வொரு முறையும் வாசிப்பு இலகுவாகின்றது. அதனைக் கொண்டு, பாடம் மனத்திற் பதிந்துவிட்டதென நம்புகின்றான். ஆயினும் பரீட்சை மண்டபத்தில் வினாவைக் கண்டதும் எழுதுகோல் நின்றுவிடுகின்றது. கண்டபொழுது அடையாளம் அறிதல் வேறு. காணாதபொழுது நினைவிலிருந்து எடுத்துரைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து ஆக்கப்பட்ட குறிப்பே பயன் தரும் குறிப்பாகும்.

இது எல்லாப் பாடங்களுக்கும் பொருந்துமெனினும், மருத்துவமும் தாதியியலும் பயில்வோருக்கு இதன் இன்றியமையாமை பெரிது. பரீட்சையில் மறந்தவன் சில புள்ளிகளை இழப்பான். மயங்கிக் கிடக்கும் நீரிழிவு நோயாளியின் அருகே நிற்கும் தாதிக்கோ, குருதியிற் சர்க்கரை கூடியதால் வந்த மயக்கமா, குறைந்ததால் வந்த மயக்கமா என ஐயுற்று உடனே சோதிக்கத் தோன்றவேண்டும். குறிப்பேட்டைப் புரட்டுவதற்கு அங்கே நேரமில்லை.

மறதியின் போக்கை முதன்முதல் அளந்து காட்டியவர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர். பொருளற்ற அசைகளை வரிசையாக்கித் தாமே மனனஞ் செய்து, பின்னர் அவற்றை மீண்டும் கற்பதற்கு எவ்வளவு முயற்சி வேண்டியிருந்ததென்று கணக்கிட்டு, 1885ஆம் ஆண்டில் அவர் நூலொன்று வெளியிட்டார். கற்ற ஒரு மணி நேரத்துள் முன்னைய உழைப்பின் பயனிற் பாதிக்கு மேல் அழிந்துவிடுகின்றது; ஒரு நாளின் பின் மூன்றிலொரு பங்களவே எஞ்சுகின்றது; அதன்பின் மறதியின் வேகம் தணிந்து, ஒரு மாதத்தின் பின்னரும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நிலைக்கின்றது என்பது அவர் கண்ட முடிபு. இன்னுமொன்றையும் அவர் கண்டார். ஒரே நாளில் 68 முறை ஓதியதால் விளைந்த பயன், மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியதாலேயே விளைந்தது. பரீட்சைக்கு முதல்நாள் இராமுழுவதும் கண்விழிப்பவர் சிந்திக்கத்தக்க கணக்கு இது.

இடைவெளி விட்டு ஓதினாற் போதுமோ? எவ்வாறு ஓதுவது என்பதும் உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. சூரியன், கடல் நீர்நாய் என்பன பற்றிய சிறு பகுதிகளை அவர்கள் பல்கலைக்கழக மாணவருக்கு வாசிக்கக் கொடுத்தனர். ஒரு குழுவினர் நான்கு தவணைகளிலும் திரும்பத் திரும்ப வாசித்தனர். வேறொரு குழுவினர் ஒரு தவணை மாத்திரம் வாசித்து, மற்றை மூன்றிலும் நினைவில் உள்ளதை ஏடு பாராது எழுதினர். ஐந்து நிமிடங்களின் பின் சோதித்தபோது வாசித்தவரே முந்தினர். அவர்கள் நூற்றுக்கு 83 பங்கும், எழுதியவர் 71 பங்கும் நினைவு கூர்ந்தனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழாயிற்று. வாசித்தவரிடம் 40 பங்கும், எழுதியவரிடம் 61 பங்கும் எஞ்சின. எனினும், பாடம் தமக்கு நன்கு நினைவிலிருக்கும் என்று கூடிய நம்பிக்கை கொண்டிருந்தவர் வாசித்த குழுவினரே. வாசிப்பு தரும் நிறைவு எத்துணை ஏமாற்றமுடையது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆகவே, மீட்டற் குறிப்பு மாணவனுக்கு விடை சொல்வதாயிராது, அவனை வினவுவதாயிருத்தல் வேண்டும். தாளை நடுவே மடித்து ஒருபுறம் வினாவும் மறுபுறம் விடையும் எழுதுதல் எளிய முறை. எவ்வகை வினா என்பதே முக்கியம். "இடது இதயவறையின் சுவர் வலது இதயவறையின் சுவரிலும் தடித்தது" என்று ஒருவன் எழுதி வைத்திருக்கலாம். அதனை "ஏன்?" என்னும் வினாவாக மாற்றினால், இடதறை உடல் முழுவதற்கும் குருதியைச் செலுத்த, வலதறை அருகிலுள்ள சுவாசப்பைகளுக்கு மாத்திரம் செலுத்துகின்றது என்னும் காரணம் வெளிப்படும். காரணம் விளங்கியபின் எந்தச் சுவர் தடித்தது என்பதை மனனஞ் செய்யவேண்டியதில்லை.

இன்னோர் உதாரணம்: "நாடிகள் ஒட்சிசன் மிகுந்த குருதியைக் கொண்டு செல்வன" என்னும் வாக்கியம் பல குறிப்பேடுகளில் இடம்பெறுவது. "நாடியை நாடியென்று சொல்லச் செய்வது எது?" என வினவினால் அதன் குறை புலப்படும். இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டு செல்வது நாடி. இதயத்துக்குக் கொண்டு வருவது நாளம். சுவாசப்பை நாடியில் ஓடுவது ஒட்சிசன் குறைந்த குருதியே. குருதியின் திசையே இலக்கணம், ஒட்சிசனின் அளவன்று.

குருதி உடலிற் சுற்றியோடுகின்றது என்பதை நிறுவிய வில்லியம் ஹார்வியின் கைக்குறிப்புகள் இன்றும் இலண்டனிற் பேணப்படுகின்றன. வைத்தியர் கழகத்தில் 1616ஆம் ஆண்டில் அவர் ஆற்றிய உடற்கூற்று விரிவுரைகளுக்காக எழுதப்பட்டவை அவை. இலத்தீனும் ஆங்கிலமும் கலந்து, துண்டு துண்டான சொற்றொடர்களாக அவை அமைந்துள்ளன. பன்னீராண்டுகள் கழித்து, 1628இல், அவருடைய நூல் வெளிவந்தது. ஈரலில் உணவிலிருந்து உண்டாகும் குருதி உடலிற் சென்று தீர்ந்துவிடுகின்றது என்பது அக்காலக் கொள்கை. ஹார்வி எழுப்பிய வினாக்களுள் ஒன்று மிக எளியது: இதயம் வெளியேற்றும் குருதி எவ்வளவு? இன்றைய அளவுகளிற் சொன்னால், ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 70 துடிப்பு. எனவே நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் அளவு. அரைமணி நேரத்தில் ஏறக்குறைய 150 லீற்றர். உடலிலுள்ளதோ ஐந்து லீற்றரளவே. அத்துணைக் குருதியை எந்த உணவு ஆக்க முடியும்? சென்ற குருதியே மீள வருகின்றது என்பதன்றி வேறு விடையில்லை. நாடியிலிருந்து நாளத்துக்கு அது செல்லும் வழியை ஹார்வி காணவில்லை. அம்மயிர்க்குழாய்களை நுணுக்குக்காட்டியாற் கண்டவர் மல்பீகி, ஆண்டு 1661. ஒரு வினாவைச் சரியாகக் கேட்டவன், விடையின் ஒரு பகுதி வெற்றிடமாயிருப்பினும் முன்னேறுகின்றான்.

உயிரியலில் சொல்லுக்கு நிகராகப் படமும் வேண்டும். ஹென்றி கிரே எழுதி 1858இல் வெளிவந்த உடற்கூற்று நூலின் சிறப்புக்கு, கார்ட்டர் என்னும் வைத்தியர் வரைந்த படங்கள் பெரிதும் காரணமாயின. உறுப்பின் பெயர் உறுப்பின் மீதே எழுதப்பட்டிருந்தமையால், பார்ப்பவன் எழுத்துக்குறியை வைத்து அடிக்குறிப்பைத் தேடவேண்டியிருக்கவில்லை. கற்பதற்கு அது உகந்தது. மீட்டும்போதோ பெயர்களை மறைத்துவிடல் வேண்டும். அல்லது வெற்றுத்தாளில் நினைவிலிருந்து வரைந்து, பின் நூலோடு ஒப்பிடல் வேண்டும். அழகு வேண்டியதில்லை, எந்தக் குழாய் எந்த அறையோடு சேர்கின்றது என்பது பிழையாதிருந்தாற் போதும்.

அந்நூல் தமிழில் வந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் மாணவர் தம் மொழியிலேயே அதனைக் கற்க வேண்டுமெனக் கருதினார். கிரேயின் நூல் 1872இல் "மனுஷ அங்காதிபாதம்" என்னும் பெயருடன் வெளிவந்தது. உடற்றொழிலியல் நூலொன்று "மனுஷ சுகரணம்" என 1883இல் வந்தது. கலைச்சொற்களையும் அவர் தொகுத்தார். ஒரு சொல்லை மொழிபெயர்ப்பவன் அதன் பொருளை முதலில் விளங்கியே ஆகவேண்டும். மாணவனும் நூலின் வாக்கியத்தை அப்படியே பிரதி செய்யாது, தன் சொந்த வாக்கியத்தில் எழுதும்போது அதே பணியையே சிறிய அளவிற் செய்கின்றான்.

இரவல் குறிப்பேட்டில் இன்னோர் அபாயமும் உண்டு. மனிதக் கலத்தில் 48 நிறமூர்த்தங்கள் உள்ளன என்று மூன்று தசாப்தங்களுக்கு மேலாக நூல்கள் கூறின. ஜியோ, லெவான் என்போர் 1956இல் 46 என்று நிறுவியபின்னரே பிழை திருந்திற்று. இரைப்பைப் புண்ணுக்கு மனக்கவலையும் அமில மிகுதியுமே காரணம் எனப் பல தலைமுறை மாணவர் எழுதி வந்தனர். அவுஸ்திரேலியாவில் 1982இல் வாரன், மார்ஷல் என்போர் ஒரு பற்றீரியாவை இனங்கண்டு, பெரும்பாலான புண்களுக்கு அது காரணமெனக் காட்டினர். 2005இல் நோபல் பரிசும் பெற்றனர். பழைய குறிப்பைப் பிரதி செய்பவன் பழைய பிழையையும் பிரதி செய்கின்றான். அதனால் நோயாளி ஒருவர் தக்க மருந்தைப் பெறாது போகவும் கூடும்.

செய்யவேண்டியவை சிலவே. பாடம் கேட்ட அன்றே, ஏட்டை மூடி, நினைவிலுள்ளதை எழுதுக. விடுபட்டதையும் பிழைத்ததையும் நூலைப் பார்த்து வேறு மையினாற் குறித்துக்கொள்க. மறுநாளும், சில நாட்களின் பின்னும், ஒரு வாரங் கழித்தும் அவ்வினாக்களையே மீண்டும் எழுப்புக. பிழைத்தவற்றை அடிக்கடியும் தெரிந்தவற்றை அரிதாகவும் மீட்டுக. கடந்தகால வினாத்தாள்களை இறுதி வாரத்துக்கென ஒதுக்காது இடையிடையே எழுதிப் பார்க்க. இம்முறை வாசிப்பிலும் கடினமானது. விடை வராதபோது மனம் சோரும். அச்சோர்வு தோல்வியன்று. தெரியாததைத் தெரியாதென்று அறியுமிடம் மேசையாயிருப்பதே நலம். நோயாளியின் கட்டிலருகே அதனை அறிய நேர்வது நன்றன்று.