காய்ச்சலைப் பார்க்கிறோம், மூச்சை எண்ணுகிறோமா?

ஆனி பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றுக்காலம். லோயர் கேம்ப், கூடலூர் பக்கம் சாரல் விழும். தேனிக்கு வரும்போது வெறும் காற்றாகிவிடும். வீட்டுக்கொருவர் இருமுவார். பெரும்பாலும் அது சாதாரணச் சளி, ஒரு வாரத்தில் போய்விடும். அந்தக் கூட்டத்தில் ஒளிந்து வருவதுதான் நிமோனியா.

குளிர் காற்று பட்டதால் மட்டும் நிமோனியா வராது. பாக்டீரியாவோ வைரஸோ நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள் இறங்கி, அங்கே நீரும் சீழும் கோர்ப்பதால் வருகிறது. ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும்போது, ஒருவர் இருமினால் பக்கத்திலிருப்பவருக்கும் கிருமி தொற்றலாம்.

ஒரு நிமிடம் எண்ணுங்கள்

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம், பாரசிட்டமால் சொட்டு கொடுக்கிறோம். உடம்புச் சூடு இறங்கியதும் நிம்மதி. ஆனால் மருந்து காய்ச்சலைத்தான் இறக்கும், நுரையீரலில் இருப்பது அப்படியே இருக்கும். சூடு தணிந்த பிறகும் மூச்சு வேகமாக ஓடுகிறதா என்பதே முக்கியம்.

பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, பால் குடிக்க மறுக்கிறதா, துவண்டு கிடக்கிறதா, வலிப்பு வந்ததா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போக வேண்டியிருந்தாலும், வண்டியிலேயே ஆக்சிஜன் தொடங்கிவிடும். பச்சிளங்குழந்தைக்கு உடம்பு சில்லிட்டுப் போவதும் காய்ச்சலைப் போலவே ஆபத்து.

எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் எண்ணெய் விடுகிற பழக்கத்தைப் பாட்டிமார் மனது நோகாமல் நிறுத்திவிடுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் தனி வகை நிமோனியாவே வரும்.

பெரியவர்களுக்கு

திடீரென உடம்பு தூக்கிப்போடுகிற நடுக்கம், கடும் காய்ச்சல், மஞ்சள் அல்லது துருநிறச் சளி, மூச்சை இழுத்தால் ஒரு பக்க விலாவில் குத்தல். இவை நிமோனியாவின் முகம். 'ஒரு ஊசி போட்டா சரியாப் போயிரும்' என்று தோட்டத்துக்குக் கிளம்பாதீர்கள். மெடிக்கலில் மாத்திரை 'செட்' வாங்கிப் போடுவதும் நாளைக் கடத்துவதுதான்.

வயதானவர்கள் விஷயம் வேறு. காய்ச்சலே இல்லாமல் வரலாம். நேற்றுவரை நன்றாயிருந்த தாத்தா சம்பந்தமில்லாமல் பேசுகிறார், சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறார் என்றால் வயதுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய், புகை, குடி இருப்பவர்களுக்கும் இது சீக்கிரம் முற்றும். வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால் விரலில் மாட்டிப் பாருங்கள். 94-க்குக் கீழே என்றால் டாக்டரைப் பாருங்கள், 90-க்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரி.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் தேவை. அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

தடுப்பூசி அட்டை

நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இருக்கிறது: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாம் மாதம். நிமோனியாவைத் தரும் இன்னொரு கிருமியான ஹிப்பைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசி தமிழகத்துக்கு 2011-லேயே வந்துவிட்டது. தவணை ஏதும் விட்டுப்போயிருந்தால், புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அட்டையோடு போய்க் கேளுங்கள்.