களத்துக் கணக்கும் கம்பெனிக் கணக்கும்

நன்னிலம் வட்டாரத்தாருக்குக் கணக்கைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காரியக்காரரும் கணக்கப்பிள்ளையும் ஆட்டிப் படைத்த சீமை இது. பத்து ஊரில் நிலம் வைத்திருந்த மிராசுதார், "மொத்தம் எத்தனை கலம்?" என்று கேட்டதோடு நிறுத்திக் கொண்டாரா? எந்த ஊர்க் களத்தில் எவ்வளவு கண்டது, எந்த வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, எந்தக் காரியக்காரர் கை வைத்தார், அத்தனையும் ஊர்வாரியாகக் கேட்டார். உழைத்தவனுக்குக் கூலி அளக்கும்போது மட்டும் மரக்கால் சுருங்கிப் போனதே, அது வேறு கதை!

அந்த ஊர்வாரிக் கணக்கைத்தான் பெரிய கம்பெனிகள் இன்று பிரிவுவாரிக் கணக்கு என்கின்றன. ஒரு தொழிலில் கொழிப்பு, ஒரு தொழிலில் இழப்பு. இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரே தொகையைக் காட்டினால் உள்ளே நடப்பது யாருக்குத் தெரியும்? அதனால் இந்தியாவில் 1-4-2001 முதல் கணக்கியல் தரம் 17 என்ற விதி வந்தது. 2016-17 முதல் பெரிய கம்பெனிகளுக்கு இந்தியக் கணக்கியல் தரம் 108. தலைமை நிர்வாகம் தன் தொழிலை எந்தெந்தக் கூறுகளாகப் பார்த்து முடிவெடுக்கிறதோ, அதே கூறுகளாக வெளியாருக்கும் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். வருமானத்திலோ, இலாப நட்டத்திலோ, சொத்திலோ 10 விழுக்காடு தொட்டுவிட்டால் அந்தப் பிரிவைத் தனியே காட்டியாக வேண்டும். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை வெளியிடுகிறது.

நல்ல விதிதான். நமக்கு அதில் என்ன தெரிகிறது?

நன்னிலம், அடியக்கமங்கலம், கமலாபுரம், கோவில்களப்பால், குத்தாலம், நரிமணம்: நெல்லுக்குப் பேர்போன இந்த மண்ணில்தான் ஓ.என்.ஜி.சி. எண்ணெயும் வாயுவும் கண்டது. அரசுக்குப் பாதிக்கு மேல் பங்குள்ள கம்பெனி. ஆகவே நம்முடைய கம்பெனியும்கூட. அதன் தனிக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள், தோழர்களே! கடல் பகுதி ஒன்று, நிலப் பகுதி ஒன்று. இரண்டே களம்! கடல் என்றால் பெரும்பாலும் மும்பைக் கடல். நிலம் என்றால் குஜராத், அசாம், திரிபுரா, ஆந்திரம், காவிரிப் படுகை எல்லாம் ஒரே மூட்டை. அசாமில் தோண்டிய கிணறு வறண்டு போனால் அந்தச் செலவு நிலப் பகுதியின் இலாபத்தைத் தின்னும். நன்னிலத்து வாயுவின் வரவும் அதே மூட்டைக்குள் முகம் தெரியாமல் கிடக்கும். காரைக்காலில் காவிரிப் படுகைக்கென்று தனி நிர்வாகமே வைத்திருக்கிறார்கள். வரவும் செலவும் அங்கே எழுதாமலா இருப்பார்கள்? எழுதுவது உண்டு; அச்சில் வருவதில்லை. ஒத்த தன்மையுள்ள கூறுகளைச் சேர்த்துக் காட்டலாம் என்று விதியே இடம் தருகிறது.

துணைக் கம்பெனிகளையும் சேர்த்த கணக்கில் சுத்திகரிப்பும் விற்பனையும் தனிப் பிரிவாகிறது. 2003ல் மங்களூர் ஆலையும் 2018ல் இந்துஸ்தான் பெட்ரோலியமும் ஓ.என்.ஜி.சி. கைக்கு வந்தன. இங்கேதான் சூட்சுமம். மிராசுதார் தன் நெல்லைத் தன் அரவை மில்லுக்கே போடுகிறார் என்று வையுங்கள். மூட்டைக்கு விலை கூடப் போட்டால் களத்துக்கு இலாபம். குறையப் போட்டால் மில்லுக்கு இலாபம். வீட்டுக்கு மொத்தம் ஒன்றுதான். வாரத்துக்கு உழுதவனுக்கு மட்டும் அந்த விலை உயிர்ப் பிரச்சினை. எண்ணெயிலும் அப்படியே. ராயல்டி கிணற்றடி விலையை வைத்துக் கணக்காகிறது. நிலத்தில் எடுத்தால் அது மாநில அரசுக்கு, கடலில் எடுத்தால் மத்திய அரசுக்கு. நரிமணத்து எண்ணெயோ பனங்குடி ஆலைக்குப் போயிற்று. 1993ல் வந்த அந்த ஆலை இந்தியன் ஆயிலின் துணைக் கம்பெனியுடையது. ஆக, நம் மண்ணின் எண்ணெய் பாதி வழியிலேயே வேறொருவர் பேரேட்டுக்கு மாறிவிடுகிறது.

தனியார் மட்டும் திறந்து வைக்கிறார்களா? ரிலையன்ஸ் கம்பெனி சுத்திகரிப்பைத் தனியாகவும் பெட்ரோ ரசாயனத்தைத் தனியாகவும் காட்டி வந்தது. 2020 அக்டோபர்-டிசம்பர் கணக்கிலிருந்து இரண்டையும் ஒரே பிரிவாக்கிவிட்டது. ஒரே தொடராக நடக்கும் தொழில் என்றார்கள். இருக்கலாம். ஆனால் நேற்றுவரை தெரிந்தது இன்று தெரியவில்லை.

போதாததற்குப் 'பகிரப்படாதவை' என்று ஒரு கட்டம்! எந்தப் பிரிவிலும் சேராத தலைமையகச் செலவு, முதலீட்டு வரவு எல்லாம் அதில் அடங்கும். நம் ஊர்க் கணக்கப்பிள்ளை 'இதர செலவு' என்று எழுதியதை நினைத்துச் சிரிக்காதீர்கள். இவர்கள் தணிக்கை செய்து எழுதுகிறார்கள்.

2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கு அது தடை போட்டது. ஏற்கெனவே நடந்தவற்றைத் தொடவில்லை. கிணறு வேண்டும் என்பவர் கோடிகளைச் சொல்கிறார். வேண்டாம் என்பவர் குறுவையையும் சம்பாவையும் சொல்கிறார். கோடி என்பது இந்தியா முழுமைக்குமான கோடி. குறுவையோ நம் வயலின் குறுவை. இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது?

கிணறு ஓய்ந்தபின் அதை மூடி, மண்ணைச் சீர்செய்ய ஆகும் செலவுக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு எழுத வேண்டும் என்பதும் கணக்கு விதி. ஓ.என்.ஜி.சி.யும் எழுதுகிறது. அந்த ஒதுக்கீட்டில் முடிகொண்டான் ஆற்றங்கரைக்கு எவ்வளவு? காவிரிப் படுகையின் வரவு, செலவு, ராயல்டி, மூடும் ஒதுக்கீடு, நான்கையும் ஒரே தாளில், தமிழில் அச்சிட்டு நன்னிலம் தாலுகா அலுவலகத்தில் ஒட்டச் சொல்லிக் கேட்கிறோம். ஒரு தாள்தான்.