படகும் படிப்பும்

விவேக் நகரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் மகளுக்குச் சென்ற ஆண்டு புனே பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. தெருவே மகிழ்ந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை மாலை, குழந்தை இயேசு கோயில் கூட்டத்தைத் தாண்டி நான் வீட்டுக்கு வந்தபோது நண்பர் வாசலில் காத்திருந்தார்.

"சார், நீங்க ரயில்வேயில இருந்தப்ப புனே போயிருக்கீங்க இல்லையா? பொண்ணு படகு கிளப்புல சேர்ந்துட்டாளாம். காலையில ஆறு மணிக்கு ஆத்துல இருக்காளாம். படிக்க அனுப்பினா படகு ஓட்டப் போயிட்டா. எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் நீச்சல்கூடத் தெரியாது சார்" என்றார். குரலில் கோபத்தைவிடப் பயமே அதிகம்.

அவருக்குச் சொன்ன பதிலையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். வெளியூருக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் மற்றப் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

வலிப்பதும் துழாவுவதும்

படகு ஓட்டுவது என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. படகு போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, கையில் பிடித்த துடுப்பால் தண்ணீரைத் தள்ளுவது துழாவுதல். கயாக், கனூ என்னும் சிறு படகுகள் இவ்வகை. மற்றொன்று தண்டு வலித்தல். இதில் துடுப்பு படகோடு பொருத்தப்பட்டிருக்கும். வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துடுப்பைத் தன் பக்கமாக இழுப்பார். பந்தயப் படகுகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

எட்டுப் பேர் வலிக்கும் பந்தயப் படகு ஏறத்தாழ 17, 18 மீட்டர் நீளம். ஆனால் அதன் எடை 100 கிலோவுக்குள் இருக்கலாம். சர்வதேசப் போட்டி விதிப்படி குறைந்தபட்ச எடை 96 கிலோதான். நாங்கள் பாதையில் போடும் 52 கிலோ தண்டவாளத்தில் இரண்டு மீட்டர் துண்டே அதைவிடக் கனம்! அவ்வளவு லேசான, ஒடுங்கிய படகில் ஒருவர் சற்றுச் சாய்ந்தாலும் எட்டுப் பேரும் ஆட்டம் காண்பார்கள்.

பார்ப்பவர்கள் கைபலம்தான் முக்கியம் என்று நினைப்பார்கள். உண்மையில் பெரும்பகுதி பலம் கால்களிலிருந்து வருகிறது. இருக்கை சிறு சக்கரங்களின் மேல் முன்னும் பின்னும் நகரும். முழங்காலை மடக்கி முன்னே வந்து, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, காலால் உதைத்துப் பின்னே போகவேண்டும். எட்டுத் துடுப்பும் ஒரே கணத்தில் இறங்கி ஒரே கணத்தில் எழவேண்டும். இவர்களுக்கு எதிரே, போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து சுக்கானைக் கவனித்துக் குரல் கொடுப்பவர் ஒன்பதாவது ஆள்.

என் பணிக்காலத்தில் கேங்மேன்கள் கடப்பாரையால் பாதையை நெம்பி நேராக்குவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். மேட் குரல் கொடுப்பார்; எல்லாக் கடப்பாரையும் ஒன்றாக எழும்; பாதை நகரும். ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் அசையாது. நம் மீனவர்களின் ஏலேலோவும் இதே கணக்குதான்.

1928-ல் தொடங்கிய படகுச் சங்கம்

பதவி உயர்வு பெற்ற சமயத்தில் புனேயில் உள்ள ரயில்வே சிவில் பொறியியல் பயிற்சி நிலையத்துக்கு என்னை அனுப்பினார்கள். பாலம் என்றால் நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு. ஒரு ஞாயிறு சங்கம் பாலத்துக்குப் போனேன். முளா, முட்டா என்னும் இரு ஆறுகள் கூடும் இடம் அது. ஆறுகள் கூடுவதையும் சங்கம் என்கிறார்கள், ஆட்கள் கூடுவதையும் நாம் சங்கம் என்கிறோம் என்று எண்ணிக்கொண்டு நின்றபோது, கீழே இளைஞர்கள் சிலர் ஒரு நீண்ட படகைத் தோளில் சுமந்து தண்ணீருக்கு இறங்கினார்கள். அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் மாணவர்கள்.

அந்தக் கல்லூரி 1854-ல் பொதுப்பணிகளுக்கு ஆள் பயிற்றுவதற்காகத் தொடங்கப்பட்டது, 2022-ல் பல்கலைக்கழகமாயிற்று. நம் கர்நாடகம் போற்றும் சர் எம். விசுவேசுவரய்யா 1880-களில் பொறியியல் படித்தது அங்கேதான். முட்டா ஆற்றில் மேலே உள்ள கடக்வாஸ்லா அணையில்தான் 1903-ல் அவருடைய தானியங்கி மதகுகள் முதலில் பொருத்தப்பட்டன. கீழே பண்ட் கார்டன் என்னுமிடத்தில், சர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் பொருளுதவியால் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தடுப்பணை தண்ணீரைத் தேக்கி நிறுத்துகிறது. அதனால்தான் படகு விட ஆழம் கிடைக்கிறது. பொறியாளர்களின் வேலையால் கிடைத்த தண்ணீரில் பொறியியல் மாணவர்கள் படகு விடுகிறார்கள்!

கல்லூரியின் படகுச் சங்கம் 1928-ல் தோன்றியது. ஆண்டுதோறும் அவர்கள் நடத்தும் 'ரெகாட்டா' என்னும் படகு விழாவைக் காண நகர மக்கள் கரையில் திரள்வார்கள். கயாக்குகள் வரிசை மாறி மாறிக் கோலம் போடும். தட்டையான அடி கொண்ட 'பண்ட்' படகுகளில் மாணவர்கள் உருவங்கள் அமைப்பார்கள். அம்பு வடிவில் படகுகள் அணிவகுக்கும். தீவட்டி ஆட்டமும் உண்டு. பந்தயத்தோடு திருவிழாவும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் நடத்தும் இத்தகைய சங்கங்களுக்கு முன்மாதிரி இங்கிலாந்து. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1829-ல் முதன்முதலாகப் படகுப் பந்தயத்தில் மோதின. அப் பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான கல்லூரிகளுக்குத் தனிப் படகுச் சங்கம் உண்டு. அங்கே ஆறு குறுகல். படகுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓட இடமில்லை. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுப் புறப்பட்டு, முன்னால் போகும் படகை இடிக்க முயலவேண்டும். இடித்தால் மறுநாள் அதன் இடம் இவர்களுக்கு. இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று: இந்த ஆண்டு எந்த இடத்தில் முடித்தார்களோ, அந்த இடத்திலிருந்துதான் அடுத்த ஆண்டு மாணவர்கள் தொடங்கவேண்டும். மூத்தவர்கள் வைத்துவிட்டுப் போனதே இளையவர்களின் முதல்.

நம் பக்கத்திலும் இந்த விளையாட்டு பழையதே. கொழும்பில் 1864-லும் சென்னையில் அடையாற்றங்கரையில் 1867-லும் படகுச் சங்கங்கள் ஏற்பட்டன. பெங்களூரிலேயே அல்சூர் ஏரியில் எம்.இ.ஜி. வீரர்கள் படகுப் பயிற்சி செய்வதை வாசகர்கள் சிலர் பார்த்திருக்கலாம்.

கரையில் நடக்கும் வேலை

அன்று பாலத்திலிருந்து இறங்கிப்போய் அந்த மாணவர்களோடு பேசினேன். தண்ணீரில் இருக்கும் நேரத்தைவிடக் கரையில் செலவாகும் நேரமே அதிகம் என்றார்கள். படகில் கீறல் விழுந்தால் பூசி அடைப்பது, துடுப்புகளை எண்ணி வைப்பது, புதியவர்களைப் பழக்குவது, விழாவுக்குக் கடை கடையாக ஏறி விளம்பரம் கேட்பது, வரவு செலவு எழுதுவது. நகரத்துக் கழிவுநீர் கலந்து ஆற்றில் ஆகாயத்தாமரை மண்டும்போது அதோடும் மல்லுக்கட்டவேண்டும். நதி கெட்டால் தங்கள் மகிழ்ச்சியும் கெடும் என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

"நஷ்டம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கணக்குப் பார்க்கும் பையனைக் கேட்டேன். "அடுத்த வருஷப் பையனுக்குக் கடனோடு நோட்டைக் கொடுக்க வெட்கமாக இருக்கும் சார். அதனால் நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்கிறோம்" என்றான். எனக்கு டிப்ளமோ வகுப்பில் இப்படி ஒரு பாடம் கிடைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்தே, பொறுப்பை ஒப்படைத்துப் போவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது.

பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு என்றும் நண்பர் கேட்டார். மகாராஷ்டிரத்தின் வறட்சிக் கிராமம் ஒன்றில் பிறந்த தத்து போகனல் என்னும் இளைஞர், 2012-ல் ராணுவத்தில் சேர்ந்த பிறகே இவ்விளையாட்டைக் கற்றார். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் தனியாள் படகில் இந்தியாவுக்காக வலித்து 13-ஆம் இடம் பெற்றார். ஆற்றங்கரையில் பிறந்திருக்கவேண்டும் என்பதில்லை.

ஆனால் நண்பரின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. நீச்சல் தெரிந்த பிறகுதான் படகில் ஏற்றுகிறார்களா? மிதவை அங்கி உண்டா? வெள்ள நாட்களில் பயிற்சியை நிறுத்துகிறார்களா? தேர்வுக் காலத்தில் விடுப்பு உண்டா? இவற்றைப் பெண்ணிடமே கேளுங்கள், "வேண்டாம்" என்ற சொல்லோடு தொடங்காதீர்கள் என்றேன். அன்றிரவே கேட்டார். பதில்கள் திருப்தியாக இருந்தன. அதோடு, அடுத்த ஆண்டு தனக்குக் கணக்குப் பொறுப்பு வரலாம் என்றும் மகள் சொன்னாளாம். "வீட்டில் பால் கணக்குகூட நாங்கள் அவளிடம் கொடுத்ததில்லை" என்று நண்பர் சொன்னபோது இருவரும் சிரித்தோம்.

எனக்கும் ஒரு பாடம்

சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்த எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் தெருப் பொங்கல் விழாவின் கணக்கு நோட்டு ஒன்பது ஆண்டுகளாக என் அலமாரியில்தான் இருக்கிறது. இளைஞர்கள் யாரும் முன்வருவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் குறைப்பட்டுக்கொள்பவனும் நான்தான். நாற்காலி அடுக்கவும் மாவிலை கட்டவும் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். முடிவெடுக்கவும் பணத்தைக் கையாளவும் கூப்பிடுவதில்லை. பிறகு, தமிழ் விழா என்றாலே பிள்ளைகள் ஒதுங்கிப் போகிறார்கள் என்று வருந்துகிறோம். துடுப்பை நம் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர்கள் வலிக்கவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

மறுநாள் காலை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், நண்பரின் இளைய மகனிடம் கொடுத்தேன். பி.யு.சி. படிக்கிறான். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். எண்களுக்கு மொழி வேண்டாம். முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், பந்தல்காரருக்கு ரெண்டு தடவை பணம் கொடுத்திருக்கீங்க போல" என்றான்.

பார்த்தேன். அவன் சொன்னது சரிதான்.