கவுன்சலிங்னா சீட் மட்டும் இல்ல

கவுன்சலிங்னு சொன்னா உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வரும்? கட்-ஆஃப், ரேங்க், சாய்ஸ் ஃபில்லிங். எனக்கும் அதேதான். போன செமஸ்டர்ல தூக்கம் வராம தவிச்ச ரூம்மேட்கிட்ட, "சைக்காலஜிஸ்ட்ட போய்ப் பாருடா"ன்னேன். "சும்மா பேசுறதுக்கு எதுக்குடா காசு?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக பொதுவா டாக்டர் பட்டம் வேணும். 1949-ல் கொலராடோவின் போல்டர் நகரத்துல நடந்த மாநாடு, இவங்களுக்கு ஆராய்ச்சியும் தெரியணும், சிகிச்சையும் தெரியணும்னு முடிவு பண்ணுச்சு. அதனால முதல் வருஷம் மனநோய்கள், உளவியல் சோதனைகள்கூட ஸ்டாட்டிஸ்டிக்ஸும் உண்டு. ஆமா, நாம பார்த்து ஓடுற அதே ரிக்ரெஷன்தான்.

பெரும்பாலும் ரெண்டாவது வருஷம் பிராக்டிகம் ஆரம்பிக்கும். நிஜமான ஆள் எதிர்ல வந்து உட்காருவார். பல இடங்கள்ல அவர் சம்மதத்தோட செஷனை வீடியோ எடுப்பாங்க. அதை சூப்பர்வைசர் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். அவர் அமைதியா இருந்தப்போ நீ ஏன் அவசரப்பட்டுப் பேசின, இந்தக் கேள்வியை எதுக்குக் கேட்ட... வைவாவே தேவலாம்! இது வருஷக்கணக்கா நடக்கும். படிக்கும்போது சுருக்குன்னுச்சு. அன்னைக்கு ரூம்மேட் பேச்சை நிறுத்தின உடனே, "எல்லாம் சரியாயிடும் மச்சி"ன்னு நான்தான் அவன் வாயை அடைச்சேன்.

நடுவுல தகுதித் தேர்வு, ஆய்வேடு. கடைசியா ஒரு வருஷ முழுநேர இன்டர்ன்ஷிப். அதை முடிக்காம பட்டம் கிடையாது. இங்கதான் நம்ம ஏரியா வருது. முன்னாடியெல்லாம் குறிப்பிட்ட ஒரே நாள்ல ஃபோன்லதான் இடம் கொடுத்தாங்களாம். 1999-லிருந்து கம்ப்யூட்டர். மாணவர் மருத்துவமனைகளை வரிசைப்படுத்தணும், மருத்துவமனையும் மாணவர்களை வரிசைப்படுத்தணும். அல்காரிதம் ஜோடி சேர்க்கும். கேலும் ஷாப்லியும் 1962-ல் எழுதின ஸ்டேபிள் மேட்சிங்தான் அதுக்கு அடிப்படை. ஷாப்லிக்கும், இந்த மாதிரி மேட்சிங்கை நடைமுறைக்குக் கொண்டுவந்த ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைச்சது. நம்ம கவுன்சலிங்ல காலேஜ் நம்மளை வரிசைப்படுத்தாது, மார்க்தான் பேசும்.

பட்டம் வாங்க அஞ்சிலிருந்து ஏழு வருஷம் ஆகலாம். அதுக்கப்புறமும் லைசென்ஸுக்கு 225 கேள்வி கொண்ட ஒரு தேர்வு இருக்கு. பல மாநிலங்கள்ல மேற்பார்வையில இன்னும் கொஞ்ச காலம் வேலையும் பார்க்கணும்.

நம்ம நாட்டுல பாதை வேற. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு பிராக்டிஸ் பண்ண ஆர்.சி.ஐ. பதிவு வேணும். போறதுக்கு முன்னாடி அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்க. ரூம்மேட் கேட்டுட்டுத்தான் போனான். வர்ற வியாழக்கிழமை மூணாவது செஷன்.