எண்ணி அமைத்த எழுத்துகள்

ஸ்கந்தபுரம் என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள? ஏழு என்பர் சிறுவர். புள்ளி பெற்ற ஒற்றெழுத்துகளை நீக்கின், க, த, பு, ர என நான்கே எஞ்சும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்பனவும் இவ்வாறே நந்நான்கு எழுத்துப் பெறுதல் காண்க. இக்கணக்கை வெறும் விளையாட்டெனக் கருதற்க. இதன்மேல் எழுந்த யாப்பொன்று தமிழில் உண்டு.

அதுவே கட்டளைக் கலித்துறை. ஐந்து சீர் கொண்ட அதன் அடி, நேரசையில் தொடங்கின் 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கின் 17 எழுத்தும் பெறும். ஒற்றுகள் கணக்கிற் சேரா. எனவே, நான்கடிப் பாட்டொன்றுக்கு 64 அல்லது 68 எழுத்துகளாம். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாடல்களும், அருணகிரிநாதரின் கந்தரலங்காரமும் இவ்வளவையில் அமைந்தவை.

பிற மொழியாரும் எண்ணியே பாடினர். வடமொழி அனுட்டுப்பு அடிக்கு 8 ஆக 32 எழுத்துடையது. யப்பானியரின் ஹைக்கூ 5, 7, 5 என 17 ஒலியளவு கொள்வது. ஆயின், அவர்கள் நெடிலை இரண்டாகவும், சொல்லிறுதியில் வரும் னகர ஒலியை ஒன்றாகவும் எண்ணுவர். நாமோ நெடிலை ஒன்றாகக் கொண்டு, ஒற்றை விட்டுவிடுகிறோம். எண்ணுதல் பொது, எதனை எண்ணுவது என்பதே மொழிக்கு மொழி வேறு.

இதனாற் பயன் யாதெனின், கூறுவோம். பழைய ஏடுகளிற் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ககரமும் அதன் ஒற்றும் ஒரே வடிவில் நிற்கும். 16 எழுத்து வரவேண்டிய அடியில் 17 வரின், ஒன்றை ஒற்றென ஐயுறலாம். 15 வரின், எழுத்தொன்று விடுபட்டமை புலனாகும். எண்ணிக்கை இவ்வாறு பாட்டின் காவலாளியாகிறது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அரிய ஏடுகள் அழிந்தன. 2009 இல் முடிவுற்ற போரில் வன்னிக் குடும்பங்கள் பல, வீட்டையும் நூலையும் விட்டு நடந்தன. மனப்பாடமான பாட்டே அவர்களுடன் சென்றது. நினைவு தவறிய இடத்தைக் காட்டவும் அக்காவலாளி உதவுவான் அன்றோ?

எனினும், எண்ணிக்கை மட்டும் செய்யுளாகாது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, ஸ்கந்தபுரம் என அடுக்கினால் எழுத்து 16, தொடக்கமும் நேரசையே. ஆயினும், ஐந்து சீரில்லை, தளையில்லை, பொருள் முடிபுமில்லை.

மாணவர்களே! வீட்டில் அப்பாச்சியோ அம்மம்மாவோ கந்தரலங்காரம் ஓதும்போது அருகிருந்து விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஓரெழுத்துக் குறையின் நூலை நோக்குங்கள். நூல் இல்லையாயின், அவர் சொல்ல இன்றே எழுதி வையுங்கள்.