இதயத்துக்கும் ரத்தம் வேணுமே!

உங்கள் கையை இறுக்கி மூடிப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுதான் உங்கள் இதயம். எடை சுமார் 300 கிராம். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகள். வலப்பக்கம் அசுத்த ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். இடப்பக்கம், அங்கே சுத்தமாகி வரும் ரத்தத்தை மகாதமனி வழியாக உடம்பு முழுக்க அனுப்பும். நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர்!

'இவ்வளவு ரத்தம் உள்ளேயே ஓடுதே, இதயத்துக்கு என்ன குறை?' என்கிறீர்களா? அங்கேதான் விஷயம். பாங்க் கேஷியர் கையில் லட்சம் லட்சமாகப் பணம் புரளும். வீட்டுச் செலவுக்கு அவருக்குச் சம்பளம்தானே! இதயத் தசைக்குச் சம்பளம் கொண்டுவருபவை, மகாதமனியின் தொடக்கத்திலேயே பிரியும் இரண்டு கரோனரி தமனிகள். அகலம் வெறும் 3, 4 மில்லிமீட்டர். உள்சுவரில் கொழுப்புப் படிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், தசை பட்டினியால் சாக ஆரம்பிக்கும். அதுதான் மாரடைப்பு.

நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குப்பென்று வியர்ப்பது... இப்படி வந்தால் 'வாயுத் தொல்லைதான்' என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும்கூட வரலாம். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் தசை செத்துக்கொண்டே இருக்கும். செத்த தசை திரும்ப வராது.