பிரசவ அறையில் ஓர் அளவுக்கோடு

குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்த பிறகுதான் தாயின் கருப்பைக்குக் கடினமான வேலை தொடங்குகிறது. நிறைமாதத்தில் அதற்குள் நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி வரை இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் வாய் திறந்து நிற்கும் இரத்தக்குழாய்களை யாரும் தைத்து மூடுவதில்லை. கருப்பையின் தசைகளே இறுகி, தம்மூடே ஓடும் குழாய்களை நெரித்து அடைக்க வேண்டும். தசை தளர்ந்துவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். கர்ப்பமும் பிரசவமும் தொடர்பாக 2023இல் உலகில் சுமார் 2,60,000 பெண்கள் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்தச் சாவுகளின் காரணங்களில் உதிரப்போக்குக்கே முதலிடம்.

இது மருந்தில்லாத நோயல்ல என்பதுதான் வேதனை. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை ஜப்பானின் உத்தாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1960களிலேயே கண்டறிந்துவிட்டனர். அது பிரசவ உதிரப்போக்குக்கு உதவுமா என்று 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல்தான் வந்தது. முதல் மூன்று மணி நேரத்துக்குள் மருந்து ஏற்றினால் இரத்தப்போக்கால் நேரும் சாவு 1.7 சதவீதத்திலிருந்து 1.2 ஆகக் குறைந்தது. அதற்குப் பிறகு ஏற்றியதில் பயன் தெரியவில்லை. அப்படியானால் மருந்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று முன்னால் நிற்கிறது: இரத்தம் அளவுக்கு மீறிப் போகிறது என்பதை யார், எப்போது கண்டுகொள்கிறார்கள்?

பெரும்பாலான இடங்களில் கண்ணளவுதான். துணியிலும் பஞ்சிலும் ஊறியதை, தரையில் சிந்தியதைப் பார்த்து ஒரு மதிப்பு சொல்வார்கள். அனுபவசாலியின் கண்ணும் இதில் ஏமாறும். அதிலும் இரத்தம் கூடுதலாகப் போகும்போதுதான் மதிப்பு மிகவும் குறைந்துவிடும். தாயின் உடலும் சேர்ந்து ஏமாற்றுகிறது. கர்ப்பத்தில் இரத்தத்தின் கொள்ளளவு 40 சதவீதத்துக்கு மேல் கூடியிருப்பதால், கணிசமாக இழந்த பிறகும் நாடியும் இரத்த அழுத்தமும் சரியாகவே இருப்பதுபோல் காட்டும். அவை மாறத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். சோர்ந்து கிடக்கும் தாயைப் பிரசவக் களைப்பு என்று விட்டுவிடுவதும் இப்படித்தான்.

இந்த இடத்தில் நுழைந்தது ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. தாயின் இடுப்புக்குக் கீழே விரித்தால் இரத்தம் வழிந்து அடியிலுள்ள பையில் சேரும்; பையில் அளவுக்கோடுகள் இருக்கும். கர்நாடகத்தின் பெலகாவியைச் சுற்றிய கிராமங்களில் நடந்து 2006இல் வெளியான, உதிரப்போக்கைத் தடுக்கும் மிசோபிராஸ்டால் மாத்திரை பற்றிய ஆய்வில் இத்தகைய விரிப்பைக் கொண்டுதான் இரத்தத்தை அளந்தார்கள். 2023இல் வெளியான ‘இ-மோட்டிவ்’ ஆய்வு அதைச் சிகிச்சையின் கருவியாகவே ஆக்கியது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகள், 2,10,132 பெண்கள். ஒரு பாதியில் கோடு போட்ட விரிப்பு. கோட்டைத் தொட்டதும் கருப்பையைத் தேய்த்துவிடுதல், ஆக்ஸிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், டிரிப்ஸ், பரிசோதனை என எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில். மறுபாதியில் வழக்கமான கவனிப்பு. ஆனால் அங்கும் கோடில்லாத விரிப்பில் இரத்தத்தைச் சேகரித்தார்கள். அதனால்தான் கண்ணளவு எவ்வளவு தவறவிடுகிறது என்பது வெளிப்பட்டது. வழக்கமான கவனிப்பில் உதிரப்போக்குகளில் 51 சதவீதமே கண்டறியப்பட்டன. கோடு போட்ட விரிப்பில் 93. ஒரு லிட்டருக்கு மேல் இழப்பு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, சாவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 4.3 சதவீதம் 1.6 ஆக இறங்கியது. புதிய மருந்து ஒன்றுகூட இதில் இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. ஐரோப்பாவின் 13 நாடுகளில் 25,000க்கு மேற்பட்ட பெண்களிடம் இதே போன்ற பையை முன்பே சோதித்தார்கள்; 2010இல் வந்த முடிவில் கடுமையான உதிரப்போக்கு குறிப்பிடும்படி குறையவில்லை. பை வீண் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம். அங்கே சோதித்தது பையை மட்டுமே. கோட்டைத் தொட்டதும் இன்னது செய் என்ற கட்டளை கூடவே போகவில்லை. மணி அடித்தும் எழாதவனுக்குக் கடிகாரம் எதற்கு? அதே சமயம் இ-மோட்டிவின் வெற்றியில் பைக்கு எவ்வளவு பங்கு, சிகிச்சைத் தொகுப்புக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. அந்தக் குறையை ஒப்புக்கொண்டாக வேண்டும். பனிக்குட நீர் கலந்து அளவைக் கூட்டிக்காட்டும் என்றும் சிலர் சொல்கிறார்கள். குழந்தை பிறந்த பிறகு விரித்தால் அது பெரும்பாலும் தீரும். அப்படியே சிலருக்குத் தேவையின்றி மருந்து போனாலும், காணாமல் விட்டதன் விலையோடு அதை ஒப்பிட முடியாது.

எனக்கு உறுத்துவது வேறு. உதிரப்போக்கு என்று கணக்கிடும் 500 மில்லி என்ற எல்லை நல்ல இரத்தமுள்ள உடலுக்குப் பொருந்தலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அவர்களுக்கு அதைவிடக் குறைந்த இழப்பே ஆபத்து. 300 மில்லியோடு நாடியிலோ அழுத்தத்திலோ மாற்றம் தெரிந்தாலே இறங்கிவிட வேண்டும் என்று இ-மோட்டிவ் வகுத்த விதியை, 2025இல் உலகச் சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டுதலில் ஏற்றிருக்கிறது. ஆனால் இ-மோட்டிவ் ஆய்வு முழுக்கச் சுகப்பிரசவங்களைப் பற்றியது. அதே குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். அறுவை மேசையில் இரத்தம் உறிஞ்சுகுழாயிலும் துணிகளிலும் பனிக்குட நீரோடு கலந்து போகிறது. அங்கே விரிப்பு உதவாது.